ஊசி மேசை அக்கா

ஒரு படிவத்தில் ஒரு கட்டம் காலியாக இருந்தால் அந்த அக்காவுக்குச் சோறு இறங்காது. அது யாருடைய படிவம், எதற்கான கட்டம் என்பதெல்லாம் இரண்டாம் பட்சம். நான் வேலைக்குச் சேர்ந்த முதல் வாரம், அடையாள அட்டைக்கான படிவத்தில் என் இரத்த வகையை எழுதாமல் விட்டிருந்தேன். அட்டை அச்சாகி வந்தபோது அதில் ‘ஓ பாசிட்டிவ்’ என்று இருந்தது. என்னுடையது பி பாசிட்டிவ். அலுவலகத்தில் விசாரித்தால் எல்லோரும் ஊசி மேசையைக் கைகாட்டினார்கள்.

“ஆமா மேடம், நான்தான் எழுதினேன். ஓ இன்னா, எல்லாருக்கும் செட் ஆவறதுதானே?” என்றார்.

யோசித்துப் பார்த்தால் அது சரிதான். ஓ வகை ரத்தத்தை எனக்கு ஏற்றினால் எனக்கு ஒன்றும் ஆகாது. அந்த அட்டையை நம்பி என் ரத்தத்தை வேறு யாருக்காவது ஏற்றினால்தான் கதை கந்தல். அக்காவின் கைவேலை பெரும்பாலும் அப்படித்தான் இருக்கும். பக்கத்தில் இருப்பவர்களுக்கு அதனால் ஒரு கெடுதலும் வராது.

அவர் பெயரை நான் இங்கே எழுதப்போவதில்லை. ஏற்கெனவே அது போதுமான கோப்புகளில் ஏறிவிட்டது. ஆம்பூருக்கும் வாணியம்பாடிக்கும் நடுவில், நெடுஞ்சாலையை ஒட்டி இருந்த ஒரு ஷூ தொழிற்சாலை அது. வெளிநாட்டுக் குழந்தைகளுக்குத் தோல் ஷூ தைத்து அனுப்புவோம். நான் திருப்பத்தூரிலிருந்து கம்பெனி பஸ்ஸில் வந்து போகும் புது குவாலிட்டி இன்ஜினியர். கழுத்தில் ஸ்டாப்வாட்ச், கையில் கிளிப் அட்டை, வாயில் ‘தொடர் முன்னேற்றம்’. தினமும் வேலையைக் கொஞ்சம் கொஞ்சமாகச் சீராக்கிக்கொண்டே போனால் உலகமே ஒருநாள் குறையில்லாமல் ஆகிவிடும் என்று நான் மனதார நம்பிய காலம் அது. அக்காவுக்கு நாற்பது வயதிருக்கும். தையல் ஹாலின் வாசலில் ஒரு சின்ன மேசை போட்டு உட்கார்ந்து, டெய்லர்களுக்கு ஊசி கொடுப்பதும் உடைந்த ஊசியைத் திரும்ப வாங்குவதும் அவர் வேலை.

கேட்க அற்பமாக இருக்கும். ஆனால் அந்தத் தொழிற்சாலையில் யாரும் விளையாட முடியாத ஒரே சட்டம் ஊசியைப் பற்றியதுதான். மெஷினில் ஊசி உடைந்தால் டெய்லர் உடனே கையைத் தூக்க வேண்டும். உடைந்த துண்டுகள் எல்லாவற்றையும் பொறுக்கி மேசைக்குக் கொண்டுவர வேண்டும். அக்கா அவற்றைப் பதிவேட்டில் வரிசையாக அடுக்கி, மேலே செல்லோ டேப் ஒட்டி, முழு ஊசியும் இருக்கிறது என்று கையெழுத்துப் போட்டால்தான் புது ஊசி கிடைக்கும். ஒரு துண்டு குறைந்தாலும் அந்தத் தையல் லைனே நிற்கும். காந்தத்தை வைத்துக்கொண்டு தரை, மெஷின், அங்கிருக்கும் ஷூ ஜோடிகள் எல்லாவற்றையும் சலிக்க வேண்டும். கிடைக்காத முனை ஏதோ ஒரு ஷூவுக்குள் இருக்கிறது, அதை மூன்று வயதுக் குழந்தை ஒன்று போட்டுக்கொண்டு ஓடப்போகிறது என்று அர்த்தம். கடைசியாக பேக்கிங்கில் ஊசியைக் கண்டுபிடிக்கும் மெஷின் ஒன்று உண்டு. ஆனால் உலோகப் பக்கிள் வைத்த மாடலை அதில் விட முடியாது, பக்கிளுக்கே அது கத்தும். அந்த மாடலுக்கு அக்காவின் பதிவேடுதான் காவல்.

டெய்லர்களுக்கு நான் எடுத்த முதல் வகுப்பு முடிந்ததும் கருத்துப் படிவங்கள் முப்பத்திரண்டு வந்தன. எல்லாவற்றிலும் ‘மிக நன்று’. ஒன்று பச்சை மையில், ஒன்று இடப்பக்கம் சாய்ந்த கையெழுத்தில், ஒன்று எழுத்துக்கூட்டி. ஒரே ஒரு படிவத்தில் மட்டும் ‘மேடம் வேகமாகப் பேசுகிறார்’ என்று இருந்தது. அந்த நேர்மை என்னை உருக்கிவிட்டது. இரண்டு வாரம் நான் வீட்டில்கூட நிறுத்தி நிதானமாகப் பேசினேன். பிறகுதான் தெரிந்தது, முப்பத்திரண்டையும் எழுதியது அக்கா.

“ஒருத்தராச்சும் கொறை சொன்னாதான் மேடம் மத்ததை நம்புவாங்க.”

“அது இருக்கட்டும் அக்கா. நான் நிஜமாவே வேகமா பேசறேனா?”

“தெரியல மேடம். நான் அன்னிக்கு லீவு.”

முன்னேற்ற யோசனைகளுக்கும் இதே கதிதான். லைனுக்கு மாதம் முப்பது யோசனைச் சீட்டு பெட்டியில் விழ வேண்டும் என்பது உத்தரவு. டெய்லர்களுக்கு மூச்சுவிட நேரமில்லை, யோசனைக்கு எங்கே போவார்கள்? அக்கா முப்பதையும் எழுதி, முப்பது பேரின் பெயரையும் போட்டுவிடுவார். அதில் ஒன்று, தோல் துண்டுகள் வைக்கும் தட்டை வலப்பக்கத்திலிருந்து இடப்பக்கம் மாற்றினால் ஜோடிக்கு நான்கு நொடி மிச்சம் என்பது, முதல் பரிசு வாங்கிவிட்டது. ஷகீலா என்ற டெய்லரின் பெயரில். லைனிலேயே சின்னவள், கைக்குழந்தைக்காரி. மேடைக்குக் கூப்பிட்டு மைக்கைக் கொடுத்து, உன் யோசனையை நீயே சொல்லம்மா என்றார்கள். அவளுக்குத் தான் யோசித்ததே தெரியாது. கடைசி வரிசையில் அக்கா எழுந்து நின்று வலது கையிலிருந்து இடது கைக்கு எதையோ மாற்றி மாற்றிக் காட்டினார்.

“இந்தப் பக்கம் இருந்துச்சு,” என்றாள் ஷகீலா. “அந்தப் பக்கம் வந்துச்சு.”

கைதட்டல் அடங்க வெகுநேரம் ஆனது. அவளுக்கு ஹாட்பாக்ஸ் கிடைத்தது. ஜோடிக்கு நான்கு நொடி உண்மையாகவே மிச்சமானது என்பதுதான் இதில் வேடிக்கை. மிச்சமான நொடிகளை மறுமாதமே டார்கெட்டில் சேர்த்துவிட்டார்கள் என்பதில் வேடிக்கை ஒன்றும் இல்லை.

எனக்கு அந்த அக்காவை ரொம்பப் பிடிக்கும். இதை இங்கேயே சொல்லிவிட வேண்டும், பின்னால் சொன்னால் சமாதானம் செய்வதுபோல இருக்கும். மதியம் என் டப்பாவைத் திறந்து பார்த்து, “இன்னா மேடம், கொழம்பு இருக்குது, பொரியல் எடத்துல ஒண்ணுமில்லையே,” என்று தன்னுடையதை அள்ளி வைப்பார். ரம்ஜான் மாதத்தில் நோன்பு இருக்கும் டெய்லர்கள் மயங்கிவிடக் கூடாதென்று, மூன்று மணிக்கு மேல் அவர்களுடைய ஊசியைத் தானே நடந்துபோய் மாற்றிக் கொடுப்பார். யாரையாவது நாலு பேர் நடுவில் நிற்க வைத்துத் திட்டினால் அவர் முகம் செத்துப்போகும்.

அதற்குக் காரணம் ஒருமுறை அவரே சொன்னார், பதிவேட்டுக்குக் கோடு போட்டுக்கொண்டே. முன்பு வேறொரு தொழிற்சாலையில் அவரும் டெய்லராக இருந்தவர். ஒருநாள் ஊசிமுனை கிடைக்கவில்லை. கிடைக்கும்வரை மெஷின் பக்கத்திலேயே நில் என்று சொல்லிவிட்டார்கள்.

“லைன் மொத்தமும் நின்னுபோச்சு மேடம். எல்லாரும் என்னியே பாத்துகினு இருக்காங்க. ஒண்ணுக்குக்கூட போவ உடல. சாயங்காலம் பாத்தா அது என் செருப்புல குத்திகினு கீது.”

“அப்புறம்?”

“அப்புறம் இன்னா, சிரிச்சாங்க.”

இதைக் கேட்ட பிறகும் நான் செய்த காரியத்தைத்தான் இப்போது சொல்ல வேண்டும். எனக்கு ஒரு முன்னேற்றத் திட்டம் தரப்பட்டது: உடைந்த ஊசியைத் தேடும் நேரத்தைக் குறைப்பது. ஒரு தேடலுக்குச் சராசரியாக நாற்பது நிமிடம் போய்க்கொண்டிருந்தது. மெஷினைச் சுற்றி வெள்ளை ரெக்சின் விரித்தேன், அடியில் காந்தப் பட்டை ஒட்டினேன், ஊசிக்கு முன்னால் கண்ணாடித் தடுப்பு வைத்தேன். இருபத்தைந்துக்கு வந்தது. அதுவே பெரிய விஷயம். ஆனால் மேனேஜர், “பத்துக்குள்ள வரணும்மா. அதுக்கோசரம்தான் உன்னை எடுத்தோம்,” என்றார். நான் அன்று இரவெல்லாம் குழம்பி மறுநாள் ஒரு யோசனை சொன்னேன். தேடல் பத்து நிமிடத்தைத் தாண்டினால், தையல் ஹாலின் பலகையில் அந்த டெய்லரின் பெயருக்கு நேரே ஒரு சிவப்பு வட்டம். மூன்று வட்டம் சேர்ந்தால் வேலை போய்விடும் என்பதை மேனேஜர் சேர்த்துக்கொண்டார். வட்டம் என் யோசனை. அதற்காக நானே கடைக்குப் போய் ஸ்டிக்கர் வாங்கி வந்தேன்.

முதல் பத்து நாளில் ஷகீலாவுக்கு இரண்டு வட்டம் விழுந்தன. குதிகால் பக்கம் தோல் நாலு மடிப்பு வரும், அந்தத் தையல் அவளுடையது. ஊசி உடையத்தான் உடையும். பிறகு வட்டம் விழுவது நின்றது. எல்லோருக்கும் நின்றது. தேடும் நேரம் நான்கு நிமிடமாகிவிட்டது. வரைபடத்தில் கோடு அப்படியே சரிந்து இறங்கியதை நான் வீட்டுச் சுவரில் ஒட்டிவைத்துப் பார்த்தேன். அந்த ஆண்டின் சிறந்த திட்டம் என்று எனக்குக் கேடயம் கொடுத்தார்கள். தூய்மைக்காகத் தரும் நட்சத்திர விருதை ஊசி மேசைக்கு நானே சிபாரிசு செய்தேன். சாப்பாட்டு நேரத்திலும் டீ நேரத்திலும் அக்கா மெஷின்களுக்கு அடியில் மண்டியிட்டுத் தரையைத் துடைத்துக்கொண்டே இருந்தார், அதற்காக.

ஒருநாள் பேக்கிங் மெஷின் கத்தியது. பக்கிள் இல்லாத ஒரு சாதாரண மாடல், இடது ஷூ, உள்துணிக்கு அடியில் ஒரு ஊசிமுனை. எல்லோருக்கும் வியர்த்துவிட்டது. பதிவேட்டைக் கொண்டுவந்தார்கள். பக்கம் பக்கமாகப் புரட்டினார் மேனேஜர். ஒவ்வொரு ஊசியும் முழுதாக, அழகாக, டேப்புக்கு அடியில் பளபளத்துக்கொண்டிருந்தது. ஒரு முனைகூடக் குறையவில்லை.

“ரெஜிஸ்டர் கிளீன். அப்போ இது நம்ம ஊசி இல்ல, உள்துணி அனுப்பினவன் ஊசி,” என்று முடித்துவிட்டார்.

எனக்கு நிம்மதி. நிம்மதியோடு நின்றிருக்கலாம். என் திட்டத்தின் பெருமையை இன்னும் கொஞ்சம் நிரூபிக்கலாமே என்று ஆசைப்பட்டு, வெர்னியர் அளவியை எடுத்துக்கொண்டு பதிவேட்டில் ஒட்டியிருந்த ஊசிகளை ஒவ்வொன்றாக அளக்க உட்கார்ந்தேன். புது ஊசி முப்பத்தெட்டு மில்லிமீட்டர். முதல் சில பக்கங்களில் உடைந்த ஊசிகளும் துண்டு சேர்த்துப் பார்த்தால் முப்பத்தெட்டு இருந்தன. சிவப்பு வட்டம் வந்த பிறகு ஒன்று நாற்பத்தொன்று. இன்னொன்று முப்பத்தாறு. அடுத்தது நாற்பது. என் திட்டத்தின் புண்ணியத்தில் ஊசிகள் உடைந்த பிறகு வளர ஆரம்பித்திருந்தன.

அப்படிப் பதினோரு ஊசி. பதிவேட்டைத் தூக்கிக்கொண்டு மேசைக்குப் போனேன். அக்கா என் முகத்தையும் கையிலிருந்த அளவியையும் பார்த்தார். மேசை இழுப்பறையைத் திறந்து ஒரு தைல டப்பாவை எடுத்து வைத்தார். உள்ளே அரிசி நொய் மாதிரி ஊசிமுனைகள். ஷிப்ட் முடிந்ததும் மழுங்கிய ஊசிகளைக் கழற்றி அழிக்க வேண்டும். அவற்றின் முனையைக் குறடால் நறுக்கிச் சேர்த்துவைத்திருந்தார். யாராவது முனை கிடைக்காமல் கண் கலங்கி வந்து நின்றால், இதிலிருந்து ஒன்று.

“அந்தப் பொண்ணுக்கு மூணாவது வட்டம் வந்திருக்கும் மேடம். புள்ளய எடுத்துகினு எங்க போவா? அதான் மொதல்ல குடுத்தேன். அப்பறம் எல்லாரும் வந்தாங்க.”

“அப்போ உண்மையான முனையெல்லாம் எங்கே அக்கா?”

“தேடிகினே இருந்தேன் மேடம். சாப்பாட்டு நேரத்துல. ஒவ்வொண்ணுலயும் எவ்ளோ நீளம் கொறையுதுன்னு அளந்து வெச்சிகினு. எட்டு கிடைச்சிடுச்சு, இதோ.” பேப்பரில் மடித்த ஒரு பொட்டலத்தைப் பிரித்துக் காட்டினார். “இன்னிக்கு மிஷின்ல சிக்கினது ஒண்ணு. இன்னும் ரெண்டு இருக்குது. ரெண்டும் பக்கிள் மாடல்.”

பக்கிள் மாடல் அத்தனையும் பெட்டி கட்டி, கன்டெய்னரில் ஏற்றியாகிவிட்டது. மாலை சென்னைத் துறைமுகத்துக்குக் கிளம்ப வேண்டும்.

அப்போது நான் என்ன சொன்னேன் என்பதை மாற்றி எழுத எனக்கு மனமில்லை. “தரையில விழுந்திருக்கும் அக்கா. பெருக்கித் தள்ளியிருப்பாங்க. விடுங்க,” என்றேன். பதிவேட்டை மூடி அவரிடமே கொடுத்தேன். என் கேடயம் ஒரு தூசுகூடப் படாமல் என் மேசைமேல் இருந்தது. அக்கா அதை வாங்கி இழுப்பறையில் வைத்தார்.

மூன்று மணிக்கு எங்கள் இருவரையும் மேனேஜர் அறைக்குக் கூப்பிட்டார்கள். வாடிக்கையாளரின் ஆள் சென்னையிலிருந்து வந்து உட்கார்ந்திருந்தார். பேக்கிங்கில் சிக்கிய முனையைப் பற்றி ஒரு அறிக்கை தயாராக இருந்தது. இந்த ஏற்றுமதியில் சம்பந்தப்பட்ட எல்லா ஊசிகளும் முழுமையாகத் திரும்பப் பெறப்பட்டன, இப்படிக்கு, ஊசிப் பொறுப்பாளர். அந்தக் கையெழுத்துக் கட்டம் ஒன்றுதான் பாக்கி. மேனேஜர் பேனாவை நீட்டினார். வாழ்நாளில் காலிக் கட்டத்தைக் கண்டு சும்மா இருந்திராத அந்தக் கை, பேனாவை வாங்கியது. நான் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தேன். பேனாவுக்கு மூடி போடும் சத்தம் கேட்டது.

“சார், இது முழுசா இல்ல. பக்கிள் மாடல்ல ரெண்டு முனை கிடைக்கல. நான் வேற முனைய வெச்சு ஒட்டிட்டேன்.”

மேனேஜருக்கு முதலில் புரியவில்லை. சிரிக்கக்கூடச் செய்தார். புரிந்ததும் எழுந்து நின்றார்.

“இன்னாம்மா சொல்ற? யார் சொல்லி ஒட்டின?”

அக்கா என் பக்கம் திரும்பவில்லை. ஷகீலாவின் பெயரையும் சொல்லவில்லை. “யாரும் சொல்லல சார். எடம் காலியா இருந்துச்சு, ஒட்டினேன்.”

“வண்டி கெளம்பற நேரத்துலதான் சொல்லணுமா?”

“அதுக்குள்ள கிடைச்சிடும்னு நெனச்சேன் சார்,” என்றார். பிறகு எல்லோரையும் பொதுவாகப் பார்த்து, “கொழந்தைங்க போட்டுக்கறது சார். வண்டிய நிறுத்துங்க,” என்றார். அவர் குரலை உயர்த்தி நான் கேட்டது அந்த ஒருமுறைதான்.

வண்டி நின்றது. மாலை ஐந்து மணிக்கு அக்காவை வாட்ச்மேன் கேட் வரைக்கும் கூட்டிக்கொண்டு போனார். மூன்று நாள் டெய்லர்கள் தரையில் உட்கார்ந்து, பெட்டிகளைப் பிரித்து, ஒவ்வொரு ஷூவையும் விரலால் நசுக்கி, காந்தம் வைத்துப் பார்த்தார்கள். நானும் உட்கார்ந்தேன். இரண்டாம் நாள் ஷகீலாதான் கண்டுபிடித்தாள். இருபத்தாறாம் சைஸ், வலது கால், குதிகாலுக்குள். விரலில் குத்தி ரத்தம் வந்தது. அதை உறிஞ்சக்கூடச் செய்யாமல் அழுதாள். இன்னொன்று கிடைக்கவில்லை. எல்லா ஜோடியையும் பார்த்தாகிவிட்டது என்று வாடிக்கையாளரின் ஆளும் கையெழுத்துப் போட்டார். கன்டெய்னர் போனது. தரையில்தான் விழுந்திருக்கும். இருக்கலாம்.

விசாரணை அறிக்கை எழுதும் பொறுப்பு எனக்கே வந்தது. ஒரு குறைக்கு மூலகாரணம் தெரிய ‘ஏன்’ என்று ஐந்து முறை கேட்க வேண்டும் என்பது எங்கள் தொழிலின் பாலபாடம். ஏன் பொய்முனை ஒட்டினார்? தேடல் சீக்கிரம் முடிய வேண்டும் என்பதால். ஏன் சீக்கிரம் முடிய வேண்டும்? டெய்லர்கள் பயந்ததால். ஏன் பயந்தார்கள்? சிவப்பு வட்டத்தால். அடுத்த ஏனுக்கு என் பெயர் வரும். மூன்றோடு நிறுத்திக்கொண்டு, பதிவேட்டில் ‘மொத்த நீளம்’ என்று புதிதாக ஒரு கட்டம் சேர்க்கலாம் என்று பரிந்துரைத்தேன். அதற்கும் பாராட்டினார்கள். அந்தக் கோழைத்தனத்துக்கு நான் இன்னும் வெட்கப்படுகிறேன். வெட்கப்பட்டபடியே பதவி உயர்வும் வாங்கிக்கொண்டேன்.

இப்போது புது இன்ஜினியர்களுக்கு வகுப்பெடுப்பது நான்தான். சிவப்பு வட்டத்தைப் பற்றிச் சொல்கிறேன், அது யாருடைய யோசனை என்று சொல்வதில்லை. அக்கா மேல்விஷாரத்தில் பள்ளிச் சீருடை தைக்கும் ஒரு கடையில் இருக்கிறார். இரண்டு மாதத்துக்கு ஒருமுறை போன் வரும். நலம் விசாரிப்பதெல்லாம் ஒரு வரிதான்.

“அங்கிருந்து எதாச்சும் கம்ப்ளெயின்ட் வந்துச்சா மேடம்?”

“இல்லக்கா.”

“அது கிடைச்சுதா?”

“இல்லக்கா.”

“செரி மேடம்.” அவ்வளவுதான்.

போன மாதம் பேசும்போது குரல் கம்மியிருந்தது. உடம்புக்கு என்ன என்று கேட்டேன். தூக்கமே இல்லை, கண்ணை மூடினால் சின்னச் சின்ன ஷூ வரிசையாக வருகிறது என்றார். எனக்குப் பொறுக்கவில்லை. இத்தனை வருஷம் கழித்து அந்த மனுஷியைத் தூங்க வைக்க ஒரு வார்த்தை போதுமே என்று தோன்றிவிட்டது.

“அக்கா, சொல்ல மறந்துட்டேன். அது கிடைச்சிடுச்சு. பழைய மெஷினை கழட்டினப்ப அடித்தட்டுல இருந்துச்சு.”

அந்தப் பக்கம் ஓடிக்கொண்டிருந்த தையல் மெஷினை அவர் நிறுத்துவது கேட்டது.

“எவ்ளோ நீளம் மேடம்?”

“ஆறு மில்லிமீட்டர் இருக்கும்க்கா.”

கோபம் இல்லை. என் டப்பாவில் பொரியல் இல்லை என்று சொன்ன அதே மெல்லிய குரல்தான்.

“அது நாலு மேடம்,” என்றார். “நான் போன வெச்சுடறேன். நீங்க தேடுங்க.”